தங்கத்தின் டச்: கணக்கை நம்புவதா, ஸ்டாண்டர்டை நம்புவதா?

ஒரே நகைக்கு இரண்டு கேரட் மீட்டர்கள் (எக்ஸ்-ரே பாய்ச்சித் தங்கத்தை அளக்கும் மெஷின்கள்) இரண்டு டச், அதாவது இரண்டு தங்கச் சதவீதம், காட்டுவது சகஜம். எக்ஸ்-ரே பட்டதும் ஒவ்வொரு உலோகமும் தனக்கே உரிய கதிரை வெளியிடுகிறது. அதன் பலத்தைச் சதவீதமாக மாற்றும் இடத்தில்தான் பெரும்பாலும் பிசகுகிறது. மாற்ற இரண்டு வழிகள் உண்டு.

முதலாவது, இயற்பியல் கணக்கு. ஃபண்டமென்டல் பாராமீட்டர் முறை என்பார்கள். 1955-ல் ஷெர்மன் தந்த சமன்பாட்டை அடிப்படையாகக் கொண்டது. செம்பைத் தன் கதிரை வெளியிடத் தூண்ட 8.98 கிலோ எலக்ட்ரான் வோல்ட் (கதிரின் ஆற்றலை அளக்கும் அலகு) போதும். தங்கத்தின் முக்கியக் கதிரோ 9.71. அதனால் தங்கமே பக்கத்துச் செம்பைத் தூண்டிவிட, செம்பு உள்ளதைவிடக் கூடுதலாகத் தெரியும். இந்தக் கணக்கு அதைக் கழித்துவிடும். என்ன கலவை என்றே தெரியாத பழைய நகைக்கு இதை விட்டால் வேறு வழியில்லை. ஆனால் கடைசியில் எல்லாவற்றையும் கூட்டி நூறாக்குவதால், இரிடியம் (பிளாட்டினம் வகை உலோகம்) போன்ற ஒன்று மென்பொருளின் உலோகப் பட்டியலில் விடுபட்டால் அதன் பங்கு மற்ற உலோகங்களின் மேல் ஏறிவிடும்.

இரண்டாவது, சான்றளித்த ஸ்டாண்டர்டுகளை, அதாவது கலவை துல்லியமாகத் தெரிந்த மாதிரித் துண்டுகளை, வைத்து அளவுகோல் போடுவது. தினமும் 22 கேரட் மட்டுமே பார்க்கும் இடத்துக்கு என் ஓட்டு இதற்குத்தான். ஒரு நிபந்தனை: செம்பு, வெள்ளி விகிதமும் நம் நகையை ஒத்திருக்க வேண்டும். 18 கேரட் வெள்ளைத் தங்கத்தை இந்த அளவுகோலில் அளந்தால் விடை தப்பும். நல்ல மென்பொருள்கள் கணக்கைப் போட்டுவிட்டு, ஸ்டாண்டர்டால் திருத்தவும் விடுகின்றன. முடிந்தால் அதையே செய்யுங்கள்.

அளக்கும் நேரத்தைக் கூட்டினால் போதாதா? நான்கு மடங்கு நேரம் வைத்தால் எண்ணின் தள்ளாட்டம் பாதியாகும், அவ்வளவுதான். அளவுகோல் தப்பென்றால் அதே தப்பு அசையாமல் நிற்கும். கதிரை வாங்கி அளக்கும் டிடெக்டர் விஷயம் வேறு. இரிடியத்தின் 9.18 கதிரைத் தங்கத்திலிருந்து பிரிக்கப் பழைய வாயுக் குழாய் டிடெக்டரால் முடியாது. சிலிக்கான் டிரிஃப்ட் டிடெக்டர் பிரித்துவிடும். காசு இருந்தால் இதற்குச் செலவழிக்கலாம்.

அப்புறம், ஆசிட்டில் போட்டெடுத்த நகை. மேற்பரப்பில் செம்பு கரைந்து தங்கம் மிஞ்சியிருக்கும். தங்கத்தின் கதிர் வருவதோ சுமார் பத்து மைக்ரான் ஆழத்திலிருந்து மட்டும். எந்த முறையில் கணக்கிட்டாலும் டச் ஏறித்தான் காட்டும். மறைவான இடத்தில் லேசாக அரம் போட்டுவிட்டு மறுபடி பாருங்கள். தகராறு என்று வந்துவிட்டால் துணுக்கு வெட்டி ஃபயர் அசேக்கு (உருக்கிப் பிரித்து, மிஞ்சும் தங்கத்தை எடைபோடும் சோதனை) அனுப்புங்கள். ஆனால் இரிடியம் அதிலும் தங்கத்தோடு ஒட்டிக்கொண்டு எடையில் சேர்ந்துவிடும் என்பதால், முதலில் மெஷினில் அதைத் தேடிவிட்டு அனுப்புவது நல்லது.