ஜூனில் கனடா: ராக்கி மலைகளா, நியூஃபவுண்ட்லாந்தா?

மே கடைசியிலோ ஜூன் தொடக்கத்திலோ கனடா போகும் நம்மவர்கள் பலர் டொராண்டோவில் இருக்கும் பிள்ளைகளையோ உறவினரையோ பார்க்கத்தான் போகிறார்கள். நயாகராவைப் பார்த்து முடித்ததும், ஒரு வாரம் எங்காவது தூரமாகப் போய்வரலாம் என்ற பேச்சு வீட்டில் எழும். உடனே எல்லோரும் சொல்லும் பெயர், மேற்குக் கனடாவில் உள்ள ராக்கி மலைத்தொடர். பான்ஃப், லேக் லூயிஸ், ஜாஸ்பர் என்று பட்டியலும் தயாராகிவிடும். அந்த மலைகளின் அழகில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. ஆனால் ஜூன் முதல் மூன்று வாரங்களுக்குள் போவதாக இருந்தால், கிழக்குக் கோடியில் இருக்கும் நியூஃபவுண்ட்லாந்து தீவுதான் மேல் என்று உறுதியாகச் சொல்வேன்.

முதலில் ராக்கியைப் பார்ப்போம். நம்மை அங்கே இழுப்பவை அந்த நீலப்பச்சை ஏரிகளின் படங்கள். பனியாறுகள் பாறையை அரைத்து உண்டாக்கும் மிக நுண்ணிய கல்மாவு, உருகும் நீரோடு ஏரியில் வந்து கலக்கிறது. அதில் பட்டுச் சிதறும் ஒளிதான் அந்த நிறம். அதற்கு வெயில் ஏற வேண்டும், பனி நன்றாக உருக வேண்டும். ஜூன் முதல் வாரத்தில் லேக் லூயிஸ் மேல் பனிக்கட்டி கிடக்கும் ஆண்டுகள் உண்டு. மொரேன் ஏரியில் நீர்மட்டம் நிறைவதற்கே ஜூன் பிற்பகுதி ஆகிவிடும். உயரத்தில் இருக்கும் நடைபாதைகள் பலவற்றில் ஜூலை வரை பனி போகாது. போதாததற்கு, அந்தப் பகுதியில் ஆண்டிலேயே மழை அதிகமாகப் பெய்யும் மாதமும் ஜூன்தான்.

கூட்டமோ பனி உருகும்வரை காத்திருப்பதில்லை. மொரேன் ஏரிச் சாலையில் 2023 முதல் சொந்த வாகனங்களுக்கு அனுமதி இல்லை. தேசியப் பூங்கா நிர்வாகத்தின் பேருந்திலோ தனியார் சுற்றுலா வாகனத்திலோதான் போக வேண்டும். பூங்காப் பேருந்து டிக்கெட்டில் ஒரு பகுதி ஏப்ரலில் விற்பனைக்கு வரும். மீதி, போகும் நாளுக்கு 2 நாள் முன்பு அங்கே காலை 8 மணிக்குத் திறக்கும். இந்திய நேரப்படி அது இரவு 7.30. ஜாஸ்பர் நகரமும் 2024 ஜூலைக் காட்டுத்தீயில் கட்டடங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை இழந்தது. அங்கே தங்க நினைப்பவர்கள் அறையை உறுதி செய்துகொண்ட பிறகு மற்றதைத் திட்டமிடுவது நல்லது.

ஜூனில் ராக்கிக்கு இருக்கும் ஒரு பெரிய சிறப்பையும் சொல்லிவிட வேண்டும். மேலே பனி இருப்பதால் கரடிகள் பள்ளத்தாக்குக்கு இறங்கி, சாலையோரப் புல்லையும் டேன்டேலியன் பூக்களையும் மேய்ந்துகொண்டிருக்கும். லேக் லூயிஸையும் ஜாஸ்பரையும் இணைக்கும் 232 கிலோமீட்டர் சாலையில், காரை விட்டு இறங்காமலே அவற்றைப் பார்க்கும் வாய்ப்பு இந்த வாரங்களில் நிறைய உண்டு. அருவிகளும் முழுப் பெருக்கில் இருக்கும். கரடிக்காகவே போகிறவருக்கு என் வாதம் செல்லாது.

இனி நியூஃபவுண்ட்லாந்து. கிரீன்லாந்தின் மேற்குக் கரைப் பனியாறுகளிலிருந்து உடைந்து விழும் பனிப்பாறைகள் இரண்டு மூன்று ஆண்டுகள் கடலில் மிதந்து, இந்தத் தீவின் கரையை ஒட்டித் தெற்கே வருகின்றன. 1912இல் டைட்டானிக் மோதியதும் இந்த நீரோட்டத்தில் வந்த ஒரு பாறைதான். மே மாதமும் ஜூனும் அவற்றைக் காண ஏற்ற காலம். ட்விலிங்கேட் போன்ற சிற்றூர்களில், மீனவர் வீடுகளுக்கு எதிரே கட்டடம் போன்ற வெண்பாறை நின்றுகொண்டிருக்கும். பார்க்கக் கட்டணம் இல்லை. கரையில் நின்றால் போதும். முட்டிவலி உள்ள பெற்றோரை அழைத்துப் போகிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய வசதி!

ஜூன் நடுவில் இன்னொன்றும் நடக்கிறது. கேப்லின் என்ற சிறுமீன் முட்டையிடக் கூட்டம் கூட்டமாகக் கரைக்கு வரத் தொடங்கும். அதைத் தின்ன ஹம்ப்பேக் திமிங்கிலங்கள் பின்தொடரும். பஃபின் பறவைகளும் அப்போது தங்கள் வளைகளில் இருக்கும். வட அமெரிக்காவின் மிகப் பெரிய பஃபின் குடியிருப்பு, தலைநகர் செயின்ட் ஜான்ஸுக்குத் தெற்கே விட்லெஸ் பே தீவுகளில் இருக்கிறது. பே புல்ஸ் கிராமத்திலிருந்து படகில் போகலாம். படகு ஒத்துக்கொள்ளாதவர்கள் பொனவிஸ்டாவுக்குப் பக்கத்தில் உள்ள எல்லிஸ்டனுக்குப் போனால், கரையில் நின்றே அவற்றைப் பார்க்கலாம். பனிப்பாறை, திமிங்கிலம், பஃபின் மூன்றும் ஒரே வாரத்தில் வாய்ப்பது இந்தக் காலத்தில்தான். ஏரியின் நிறம் ஆகஸ்டிலும் இருக்கும். பனிப்பாறை அதுவரை நமக்காக நிற்காது. என் முடிவுக்கு முதல் காரணம் இதுதான்.

தமிழர்களுக்கு இந்தத் தீவோடு இன்னொரு உறவும் உண்டு. 1986 ஆகஸ்டில், ஒரு கப்பல் நடுக்கடலில் இறக்கிவிட்டுப் போன ஈழத்தமிழர் 155 பேர் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் நெருக்கியடித்துக்கொண்டு, செயின்ட் மேரிஸ் விரிகுடாவுக்கு அப்பால் மூடுபனியில் தத்தளித்தார்கள். அவர்களைக் கண்டு காப்பாற்ற முன்வந்தவர் கஸ் டால்ட்டன் என்ற உள்ளூர் மீனவர். முப்பது ஆண்டுகள் கழித்து, அவர்களில் சிலர் திரும்பி வந்து அவருக்கு நன்றி சொன்னார்கள். கனடாவில் வாழும் தமிழர் வரலாற்றில் முக்கியமான கரை இது. செயின்ட் ஜான்ஸிலிருந்து காரில் ஒரே நாளில் போய் வரலாம். நயாகராவுக்கு ஐந்தாறு முறை போய்வந்த டொராண்டோக் குடும்பங்கள் ஒருமுறையாவது இங்கே வந்து நிற்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

குறைகளையும் மறைக்கக் கூடாது. பனிப்பாறைக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது. செயின்ட் ஜான்ஸுக்குச் சற்று வடக்கே ஓடும் 48ஆம் அட்சரேகையைத் தாண்டித் தெற்கே 2019இல் 1,500க்கும் மேற்பட்ட பாறைகள் வந்தன. 2021இல் ஒன்றே ஒன்று. ஆகவே செயின்ட் ஜான்ஸோடு நின்றுவிடாமல் வடக்கே ட்விலிங்கேட் வரை போவது கட்டாயம். ஏறத்தாழ ஐந்து மணி நேரப் பயணம். புறப்படுவதற்கு முன் ‘ஐஸ்பெர்க் ஃபைண்டர்’ வரைபடத்தில் எந்த ஊருக்கு எதிரே பாறை நிற்கிறது என்று பாருங்கள். மூடுபனி ஒரு நாளை முழுதாக விழுங்கிவிடலாம் என்பதால், ஒவ்வோர் ஊரிலும் இரண்டு இரவாவது தேவை. பகலிலும் குளிர்காற்று அடிக்கும். படகில் கம்பளிக் குல்லாயும் கையுறையும் இல்லாமல் முடியாது.

இருட்டிய பிறகு கார் ஓட்டாதீர்கள். 1904இல் வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட மூஸ் மான்கள் பெருகி இன்று ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டன. குதிரையை விட உயரமான அந்த விலங்கு சாலைக்குக் குறுக்கே வந்தால் உயிருக்கே ஆபத்து. சைவ உணவுக்காரர்களுக்குச் சிற்றூர்களில் கிடைப்பது குறைவு, எங்கும் காட் மீன்தான். அரிசி பருப்பை செயின்ட் ஜான்ஸிலேயே வாங்கிக்கொண்டு, சமையலறை உள்ள வாடகை வீடாகப் பார்த்துத் தங்குங்கள். ராக்கியில் இந்தத் தொல்லை இல்லை. மலைகளுக்குப் போகும் வழியில் உள்ள பெருநகரமான கால்கரியில் இந்திய உணவகங்கள் நிறைய இருக்கின்றன.

மூன்றாவதாக, கனடாவின் வடமேற்குக் கோடியில் உள்ள யூகான் பிரதேசத்தையும் சிலர் சொல்வார்கள். ஜூன் 21ஐ ஒட்டி அங்குள்ள டாஸன் நகரில் சூரியன் ஏறத்தாழ 21 மணி நேரம் அடிவானத்துக்கு மேலே இருக்கும். அற்புதம்தான். ஆனால் விமான மாற்றமும் நெடுந்தூரச் சரளைக்கல் சாலைகளும் கொசுவும் சேர்ந்தால் ஒரு வாரம் போதாது. முதல்முறை போகிறவர்களுக்கு அதை நான் பரிந்துரைக்கவில்லை.

ஆகஸ்டிலோ செப்டம்பரிலோ போக முடிகிறவர்கள் தயங்காமல் ராக்கியைத் தேர்ந்தெடுக்கலாம். ஜூன்தான் என்றால் டொராண்டோவிலிருந்து செயின்ட் ஜான்ஸுக்கு விமானம். ஏறத்தாழ மூன்று மணி நேரம். அங்கே இரண்டு இரவு, பொனவிஸ்டாவில் இரண்டு, ட்விலிங்கேட்டில் மூன்று. குரோஸ் மோர்ன் தேசியப் பூங்காவை இந்த வாரத்தில் திணிக்க வேண்டாம். அது தீவின் மேற்குக் கரை. இந்தியக் கடவுச்சீட்டுக்கு விசாவும் கைரேகைப் பதிவும் தேவை, குளிர்காலத்திலேயே விண்ணப்பித்துவிடுங்கள். விசா வந்ததும் முதலில் வாடகைக் காரைப் பதிவு செய்யுங்கள், விமான டிக்கெட் பிறகு. தீவில் கார்கள் குறைவு, ஜூனுக்கு வெகு முன்பே தீர்ந்துவிடும். கார் இல்லாமல் ட்விலிங்கேட் போவது மிகக் கடினம்.