அப்பா போனுக்கு எந்தத் தடுப்பான்?

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் அப்பாவுக்குக் கொலுசுப் பட்டறை. காலையில் டீ வருவதற்குள் போனில் வெள்ளி விலை பார்த்தாக வேண்டும். அவர் பார்க்கும் தளத்தில் விலை ஒரே ஒரு வரி. அதற்கு மேலே கடன் விளம்பரம், கீழே மூட்டுவலித் தைலம், நடுவில் திரை முழுக்க இன்னொன்று. "ஏங்கண்ணு, எக்ஸைத் தொட்டா வேற எங்கயோ போயிருது" என்று வாரம் ஒரு தடவையாவது எனக்குப் போன் வரும்.

அவர் போனிலும், ஏற்காட்டில் சித்தி போனிலும், என் போனிலும் விளம்பரத்தைத் தடுக்கும் வழிகளைச் சில மாதங்களாக ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். எத்தனை விளம்பரம் நிற்கிறது என்பது எனக்கு இரண்டாவது கணக்குதான். போட்டுக் கொடுத்த பிறகு எனக்கு எத்தனை போன் வருகிறது என்பதே முதல் கணக்கு.

எதையும் நிறுவுவதற்கு முன் ஒரு வேலை. அப்பா போனில் "5 வைரஸ் உள்ளது" என்று மேலிருந்து இறங்கிய எச்சரிக்கை எதுவும் விளம்பரப் பட்டையே இல்லை. எப்போதோ ஏதோ ஒரு தளம் அறிவிப்பு அனுப்ப அனுமதி கேட்டிருக்கிறது, இவர் சரி என்று தொட்டிருக்கிறார். குரோம் அமைப்பில் அறிவிப்புகள் பகுதிக்குப் போய் எல்லாவற்றையும் அணைத்தேன். பாதித் தொல்லை அங்கேயே தீர்ந்தது.

சரி, தடுப்பான்கள். சுத்தமாகத் துடைப்பதில் பயர்பாக்ஸ் உலாவியும் அதில் போடும் யூபிளாக் ஆரிஜினும்தான் முதலிடம். 2014 முதல் இருக்கும் இலவச நீட்சி இது, அதாவது உலாவியோடு சேர்த்துக்கொள்ளும் சின்னத் துணைச் செயலி. விளம்பரம் மட்டுமல்ல, அது இருந்த வெற்றிடமும் போய்விடும். கணினியில் குரோம் வைத்திருப்பவர்களுக்கு இந்த வசதி கை நழுவிவிட்டது. நீட்சிகளுக்கான விதியைக் கூகுள் மாற்றியதால் பழைய யூபிளாக் அங்கே ஓடாது, வலுக் குறைந்த லைட் வடிவம்தான் கிடைக்கும். ஆண்ட்ராய்டு குரோமிலோ நீட்சிக்கே இடமில்லை. ஒரு எச்சரிக்கை: பெயரில் 'ஆட்பிளாக்' இருக்கிறதே என்று கண்டதையும் போடாதீர்கள். ஆட்பிளாக் பிளஸ் 2011 முதலே 'ஏற்கத்தக்க விளம்பரங்கள்' என்று ஒரு பட்டியல் வைத்துச் சிலவற்றை உள்ளே விடுகிறது. அந்தப் பட்டியலில் இடம்பெறப் பெரிய நிறுவனங்கள் காசு கொடுக்கின்றன. அணைத்துக்கொள்ளலாம்தான், ஆனால் அப்பா அணைப்பாரா?

யூபிளாக்கில் எனக்கு வந்த சிக்கல் வேறு. அப்பாவின் விரல் பழக்கத்தில் குரோமுக்கே போகும். பயர்பாக்ஸ் ஐகானை முதல் பக்கத்தில் வைத்துக் கொடுத்தேன். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் அது எங்கோ கடைசிப் பக்கத்தில் கிடந்தது.

பிரேவ் உலாவியில் தடுப்பு கூடவே வருகிறது, எதையும் சேர்க்க வேண்டாம். முகமும் குரோம் மாதிரியே இருப்பதால் அவர் தடுமாறவில்லை. ஆனால் புதிய பக்கம் திறந்தால் அவர்களே ஒரு விளம்பரப் படத்தைக் காட்டுகிறார்கள், கூடவே கிரிப்டோ வாலட் வேறு. அணைக்க முடியும். விளம்பரத்தை விரட்ட வந்தவன் வாசலில் தன் பலகையை மாட்டியதுபோல் இருந்தது எனக்கு.

மூன்றாவது, தனிப்பட்ட டிஎன்எஸ். ஆண்ட்ராய்டு 9 முதல் போன் அமைப்பிலேயே இருக்கிறது. ஆட்கார்டு இலவசமாகத் தரும் முகவரியை ஒருமுறை அதில் எழுதினால் போதும். டிஎன்எஸ் என்பது தளத்தின் பெயரைச் சொன்னால் அதன் எண்ணைச் சொல்லும் முகவரிப் புத்தகம். விளம்பரக்காரர்களின் பெயருக்கு மட்டும் இந்தப் புத்தகம் 'அப்படி யாரும் இல்லை' என்றுவிடும். எந்த உலாவியானாலும் வேலை செய்யும், பல செயலிகளுக்குள் வரும் விளம்பரமும் நிற்கும். இதன் அருமை தெரிந்தது ஏற்காட்டில்தான். 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறிப்போனால் சித்தி வீட்டில் திண்ணையின் ஒரு மூலையில்தான் சிக்னல் வரும். மிளகு விலை பார்க்கும் பக்கம் அங்கே நகரவே நகராது. இதைப் போட்டதும் விலை முதலில் வந்து நின்றது. விளம்பரப் படங்கள் இறங்கினால்தானே பக்கம் காத்திருக்கும்?

குறைகள் உண்டு. கூகுளில் தேடினால் மேலே முதலில் வருவது பல நேரம் காசு கொடுத்த இணைப்பு. அதைத் தொட்டால் பக்கம் திறக்காது. "நெட்டு போயிருச்சு" என்று இரண்டு போன் வந்தது. இரண்டாவது முடிவைத் தொடச் சொன்னேன். சில விடுதி வைஃபையில் இந்த டிஎன்எஸ் இருந்தால் இணைப்பே கிடைக்காது, தற்காலிகமாக அணைக்க வேண்டும். யூடியூபிலோ ஒன்றும் நடக்காது. அங்கே விளம்பரமும் வீடியோவும் ஒரே வாசல் வழியாக வருகின்றன, வாசலை மூடினால் வீடியோவும் இல்லை.

ராஸ்பெரி பை என்ற கையடக்கக் கணினியில் பை-ஹோல் என்ற தடுப்பு மென்பொருளைப் போட்டு வீடு முழுக்க மறிப்பதும் இதே டிஎன்எஸ் வித்தைதான். ஆசைக்கு நானும் செய்தேன். ஒரு நாள் கரண்ட் போய் வந்ததில் மெமரி கார்டு போனது, வீட்டில் யாருக்கும் நெட் இல்லை. அன்றைக்கு வந்த போன்களை நான் எண்ணவில்லை. நோண்டிப் பார்க்கப் பிடித்தவர்களுக்கு நல்ல பொழுதுபோக்கு.

யூடியூபுக்குக் காசு கட்டுவதே நிம்மதி. 2024 ஆகஸ்டில் விளம்பரமில்லாத தனிநபர் பிரீமியத்தின் மாதக் கட்டணம் 129 ரூபாயிலிருந்து 149 ஆனது. 2023 முதல் தடுப்பான் போட்டவர்களை அவர்கள் விரட்டுவதும், தடுப்பான்காரர்கள் சுற்றிவருவதும் ஓயவில்லை. அந்த ஓட்டத்தில் அப்பாவை இழுத்துவிட எனக்கு மனமில்லை. அவருக்கு மட்டும் கட்டுகிறேன்.

ஆக, அப்பாவுக்கும் சித்திக்கும் டிஎன்எஸ். எனக்குப் பயர்பாக்ஸும் யூபிளாக்கும். இதில் நான் தினமும் படிக்கும் ஒரு சின்னச் செய்தித் தளத்துக்கு மட்டும் தடுப்பை அணைத்து வைத்திருக்கிறேன். அவர்கள் எக்ஸ் குறியை எக்ஸ் குறியாகவே வைத்திருக்கிறார்கள்.

போன வாரம் அப்பா கூப்பிட்டார். பயந்துகொண்டே எடுத்தேன். வெள்ளி இறங்கியிருக்கிறதாம், அதைச் சொல்லத்தான்.