துறைகள் கூடித் தேர்ந்தெடுத்த பிஎல்எம் மென்பொருள்: ஒரு மதிப்பீடு

வடிவமைப்பு முதல் உற்பத்தி நிறுத்தம் வரை ஒரு பொருளின் தகவல்களை ஒரே இடத்தில் வைத்திருக்கும் பிஎல்எம் மென்பொருளை எங்கள் தொழிற்சாலைக்கு வாங்கியபோது, வடிவமைப்பு, கொள்முதல், உற்பத்தி, தரக்கட்டுப்பாடு ஆகிய நான்கு துறையினரும் தேர்வுக் குழுவில் இருந்தோம். விற்பனையாளரின் மாதிரித் தரவை ஒதுக்கிவிட்டு, எங்கள் பம்பு ஒன்றின் பாகப்பட்டியலையே கொடுத்துச் சோதித்தோம். வால்வு சீலின் வரைபடம் 'பி' திருத்தத்திலிருந்து 'சி' திருத்தத்துக்கு மாறியதும், அந்த சீல் இடம்பெறும் அத்தனை தொகுப்புகளையும் மென்பொருள் உடனே காட்டியது. ஆனால், கிடங்கில் மீதமுள்ள பழைய சீல்களை என்ன செய்வது என்று கொள்முதல் பிரிவினர் கேட்டபோதுதான், கிடங்கு இருப்பு, கொள்முதல் கணக்குகளைக் கவனிக்கும் ஈஆர்பி மென்பொருளுடனான இணைப்பு ஒருவழிப் பாதை என்பது தெரியவந்தது. வடிவமைப்பாளர்கள் மட்டும் முடிவெடுத்திருந்தால், இது ஒப்பந்தம் கையெழுத்தான பிறகே வெளிப்பட்டிருக்கும்.

தேடல் வசதி நன்று. வெவ்வேறு வடிவமைப்பு மென்பொருள்களுக்கிடையே மாதிரிகளைப் பரிமாற உதவும், ஐஎஸ்ஓ 10303 தரத்திலான ஸ்டெப் கோப்புகளைத் தடையின்றி ஏற்கிறது. கணினியில் வடிவமைக்க உதவும் கேட் (CAD) மென்பொருள் இல்லாதவரும் முப்பரிமாண மாதிரியைத் திறந்து பார்க்க முடிகிறது. குறை என்றால், அது மாற்றங்களுக்கான ஒப்புதல் திரையில் இருக்கிறது: தரக்கட்டுப்பாட்டாளர் ஒரு மாற்றத்தை நிராகரித்தால், காரணத்தை எழுதுவது கட்டாயமில்லை. (எங்கள் பழைய எக்செல் தாளில்கூட அதற்கொரு கட்டம் இருந்தது.) ஈஆர்பி இணைப்பை இருவழியாக்கித் தருவதாக எழுதி வாங்கிய பின்னரே முன்பணம் செலுத்தினோம்.