பாதி விலை மாஸ்ஃபெட்டில் 3,460 ரூபாய் போனது

“உங்கள் புகார் தீர்க்கப்பட்டது” என்று இன்று காலை குறுஞ்செய்தி வந்தது. யாருக்குத் தீர்ந்தது? எனக்குப் போனது 3,460 ரூபாய். ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

எங்கள் தெருவில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் அக்காவின் மின்சாரச் சக்கர நாற்காலி பழுதுக்கு வந்தது. 24 வோல்ட். மோட்டாரை முன்னும் பின்னும் ஓட்டும் ஹெச் பிரிட்ஜ் சர்க்யூட்டில் நான்கு மாஸ்ஃபெட் (மின்னணு சுவிட்ச்), மாடல் ஐஆர்எஃப் 3205. அதில் இரண்டு ஷார்ட் ஆகியிருந்தன. இரண்டே நாளில் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

உதிரிபாகம் விற்கும் இணையக் கடை ஒன்றில் ஒன்றின் விலை 62 ரூபாய். நான் வழக்கமாகக் கொடுப்பதில் பாதி. பழுதுபார்ப்பவன் என்று சொல்லி, ஒரிஜினல்தானா என்று கேட்டேன். ஐந்தே நிமிடத்தில் பதில்: “நூறு சதவீதம் ஒரிஜினல் சார். உங்களைப் போன்ற டெக்னீசியன்களுக்காகத்தான் இந்த விலை.” கூடவே மாஸ்ஃபெட்டின் மேல் அச்சிட்ட எழுத்து பளிச்சென்று தெரியும் ஒரு புகைப்படம். அந்த ‘டெக்னீசியன்’ என்ற சொல்லில் விழுந்தேன். 20 வாங்கினேன், 1,240 ரூபாய்.

மாற்றினேன். சமதரையில் ஓடியது. அக்காவின் கடை வாசல் சாய்தளத்தில் ஏறும்போது பட்டென்று வெடித்தது. என் வேலையில்தான் குறை என்று நினைத்தேன். மேல் மாஸ்ஃபெட்டை ஆன் செய்ய மின்சாரம் தேக்கித் தரும் பூட்ஸ்டிராப் கெப்பாசிட்டரை மாற்றினேன். மேல் மாஸ்ஃபெட்டும் கீழ் மாஸ்ஃபெட்டும் ஒரே நேரத்தில் ஆன் ஆகி ஷார்ட் அடிக்கின்றனவா என்று இரண்டு இரவு, மின் அலையைத் திரையில் காட்டும் ஆசிலாஸ்கோப் முன்னால் உட்கார்ந்திருந்தேன். எல்லாம் சரி. புதிதாக நான்கு மாட்டினேன். மறுபடி வெடித்தது, இம்முறை மாஸ்ஃபெட்டுகளை ஆன், ஆஃப் செய்யும் கேட் டிரைவர் ஐசியும் போர்டின் செப்புத் தடமும் சேர்ந்து போயின.

அப்போதுதான் புத்தி வந்தது. முதலில் இருந்த நான்கில் பிழைத்த பழைய ஒன்றை எடுத்து, அதை ஆன் செய்யும் கால் ஆன கேட்டுக்கு 10 வோல்ட் கொடுத்து, 5 ஆம்பியர் செலுத்தினேன். மின்னோட்டம் போகும் மற்ற இரண்டு கால்களான டிரெயினுக்கும் சோர்ஸுக்கும் நடுவே 36 மில்லிவோல்ட். புதியதில் 190! மின்தடை 8 மில்லி ஓமைத் தாண்டக் கூடாத இடத்தில் 38. மேட்டில் 20 ஆம்பியர் இழுத்தால் 3 வாட் சூடாக வேண்டியது 15 வாட் சூடாகும். வெடிக்காமல் என்ன செய்யும்? இரண்டையும் உடைத்துப் பார்த்தேன். பழையதில் உளுந்தளவு சிலிக்கான், புதியதில் கடுகளவு. நகப்பூச்சு நீக்கியில் நனைத்த பஞ்சால் துடைத்தால் எழுத்தே கையோடு வந்தது.

இணையக் கடைக்காரரிடம் கேட்டேன். “உங்கள் சர்க்யூட்டில் கோளாறு சார்.” அளவுகளை அனுப்பினேன். “பயன்படுத்தியதைத் திரும்ப எடுக்க மாட்டோம்.” பயன்படுத்தாமல் போலி என்று எப்படித் தெரியும் ஐயா? பிறகு, சோதிக்க இரண்டு அனுப்பச் சொன்னார். என் செலவில், 120 ரூபாய் கூரியரில் அனுப்பினேன். பெறுபவர் இல்லை என்று திரும்பி வந்தது. ஐசி, போர்டு வேலைக்கு 2,100. ஆக 3,460 ரூபாய். என் இரண்டு இரவுகளுக்குக் கணக்கே இல்லை.

விரிவாக ஆலோசனை எழுதத்தான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. பாதி விலை என்றால் வாங்காதீர்கள். வந்ததும் ஒன்றையாவது அளந்து பார்த்துவிட்டு மாட்டுங்கள். முதல் சோதனையை மின்னோட்ட வரம்பு வைத்த பவர் சப்ளையில் செய்யுங்கள், நேராக பேட்டரியில் வேண்டாம். பார்சலைப் பிரிப்பதை வீடியோ எடுங்கள். நான் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன்; காலையில் ‘தீர்ந்தது’ என்று வந்தது அதற்குத்தான்.

அக்கா மறுபடியும் அழைக்கிறார். “தம்பி, நாளையாவது கிடைக்குமா?” என்றுதான் கேட்பார். 3,460 போனதை அவரிடம் சொல்லவில்லை.