ஹீத்கிட் எச்பி-23பி: பழைய இரும்பு, புதுப் பலகை, வேண்டாத ஒரு மூலை

40 டாலருக்கு வாங்கிய பெட்டிக்கு 85 டாலருக்கு உதிரி வாங்குவது என்ன கணக்கு என்று வீட்டுக்காரர் கேட்டார். எருமை வாங்கும் முன்னே நெய்க்கு விலை பேசினால்தான் தப்பு. இங்கே எருமை வந்து தொழுவத்தில் நிற்கிறது, தீவனம் வைக்க வேண்டாமா என்றேன். அதற்கு மேல் அவர் பேசவில்லை.

எருமை என்றது ஹீத்கிட் எச்பி-23பி பவர் சப்ளையை. ஓஹையோவில் ஜீனியா ஊர்த் திடலில் மே மாதம் நடக்கும், ஹாம் என்ற பொழுதுபோக்கு வயர்லெஸ்காரர்கள் கூடும் டேட்டன் ஹாம்வென்ஷனில், புல்தரை மேல் பரப்பியிருக்கும் பழைய சாமான் சந்தையில் கிடைத்தது. என்னிடம் அதே கம்பெனியின் எச்டபிள்யூ-101 என்ற, பேசவும் கேட்கவும் உதவும் வால்வு ரேடியோ செட் மூன்று வருடமாகச் சப்ளை இல்லாமல் கிடந்தது. நம் ஊரில் டிரான்சிஸ்டர் ரேடியோவுக்கு எலிமினேட்டர் என்று ஒன்று வைத்திருப்போமே, அதற்குப் பெரியப்பா முறை இந்தப் பெட்டி. இறுதி நிலையில் இருக்கும் இரண்டு 6146 வால்வுகளுக்கு 700 வோல்ட்டுக்கு மேல், மற்ற வால்வுகளுக்கு 300 அல்லது 250 வோல்ட், கிரிட்டுக்கு மைனஸ் 100 சொச்சம், ஃபிலமென்ட்டுக்கு 12.6 வோல்ட் ஏசி. நான்கையும் ஒரே ட்ரான்ஸ்ஃபார்மர் கொடுக்கிறது. கைப்பிடி கிடையாது, தூக்கினால் தோள் இறங்கும். ஹீத்கிட்டின் ஸ்பீக்கர் பெட்டிக்கு உள்ளேயே இதை ஒளித்து வைக்க இடம் விட்டிருப்பார்கள். நல்ல யோசனை, சூட்டைப் பற்றிக் கவலைப்படாதவர்களுக்கு.

விற்றவர் கையேட்டையும் சேர்த்துக் கொடுத்தார். 40 டாலரில் பாதி அதற்கே சரி என்பேன். ஹீத் கம்பெனி மிச்சிகனில் பென்டன் ஹார்பரில் இருந்தது. ரெடிமேடாக விற்பதைவிட, பாகங்களைப் பொட்டலமாகக் கட்டி அனுப்பி வாங்குபவரையே செய்யவைப்பதுதான் அவர்களுடைய வியாபாரம். 1947இல் போரில் மிஞ்சிய பாகங்களை வைத்து மலிவாக ஓர் ஆசிலாஸ்கோப் கிட் போட்டார்கள், எலக்ட்ரானிக்ஸ் கிட்கள் அங்கே தொடங்கின. அவர்கள் கையேட்டில் ஒவ்வொரு வேலைக்கும் முன்னால் ஓர் அடைப்புக்குறி இருக்கும், முடித்ததும் அதில் டிக் போட வேண்டும். ஒரு முனையில் இப்போதைக்கு சால்டர் வைக்காதே என்றால் ஒரு குறி, வை என்றால் அந்த முனையில் எத்தனை கம்பி சேர்கிறது என்ற எண்ணோடு இன்னொரு குறி. என் பிரதியில் எல்லா டிக்கும் பென்சிலில். ஒரே ஓர் இடத்தில் மட்டும் டிக்கை அழித்து மறுபடி போட்டிருக்கிறது. அந்த மனிதர் அன்று ராத்திரி என்ன தப்பு செய்தார் என்று இரண்டு நாள் யோசித்தேன்.

அப்பாவுக்கு அந்தப் பக்கங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். பாளையங்கோட்டையில் முப்பது வருடம் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பெரிதாக்கிப் பார்த்தவர், "யம்மா, செட்டோட இப்படி ஒரு புஸ்தகமும் குடுத்திருந்தா எங்கடைக்கு ஒருத்தனும் வந்திருக்க மாட்டான்" என்றார்.

சரி, பெட்டிக்கு வருவோம். மூடியைத் திறந்தால் கண்டென்சர்களின் அடியில் வெள்ளை பூத்திருந்தது. வோல்ட்டேஜைக் கூட்டிக் குறைக்கும் வேரியாக் வைத்து ஒரு பகல் முழுக்க மெல்ல மெல்ல ஏற்றிப் பார்த்தேன். ஓடியது, ஆனால் ஸ்பீக்கரில் வண்டு உள்ளே புகுந்த மாதிரி ரீங்காரம். மோர்ஸ் கீயை அழுத்தி அனுப்பினால் உயர் வோல்ட்டேஜ் 610க்குச் சரிந்தது, 700 நிற்க வேண்டிய இடம் அது. 125 மைக்ரோஃபாரட் என்று எழுதியிருந்த ஒன்றைக் கழற்றி மீட்டரில் வைத்தால் 61 காட்டியது. ஐம்பது வருடத்தில் உள்ளே இருந்த ஈரம் காய்ந்துவிட்டது. யார் மேலும் குற்றமில்லை, எலக்ட்ரோலிட்டிக்கின் ஆயுசு அவ்வளவுதான்.

அப்புறம்தான் அந்த 85 டாலர் கிட்டை வாங்கினேன். சின்ன அளவில் செய்து விற்கும் ஓர் இடம். பெயர் சொல்லவில்லை, காரணம் கீழே வரும். எச்பி-23 வரிசைக்கென்றே ஒரு பலகை, அதில் ஏற்றப் பாகங்கள், ஆறு பக்கக் குறிப்பு. ட்ரான்ஸ்ஃபார்மரையும் சோக் என்ற இரும்புச் சுருளையும் வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் கழற்றி எறியச் சொல்கிறது. அந்த யோசனை எனக்குப் பிடித்தது. இந்தப் பெட்டியில் இரும்புதான் சொத்து, அப்படி ஒரு ட்ரான்ஸ்ஃபார்மரை இன்று சுற்றச் சொன்னால் கிட் விலையைப் போல இரண்டு மூன்று மடங்கு கேட்பார்கள்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். உயர் வோல்ட்டேஜ் பகுதி ஒரு டபுளர், அதாவது வோல்ட்டேஜை இரட்டிப்பாக்கும் சர்க்யூட். இரண்டு கண்டென்சர் ஒன்றின் மேல் ஒன்றாக நின்று ஆளுக்கு 400 வோல்ட் சொச்சம் சுமக்கின்றன. கிட்டில் வரும் புதியவை 220 மைக்ரோஃபாரட், 450 வோல்ட், 105 டிகிரி ரகம். பழையதில் பாதி உயரம்கூட இல்லை. டபுளரில் ஒவ்வொரு டயோடு கையும் மொத்த 840 வோல்ட்டையும் பின்னோக்கித் தாங்க வேண்டும். 1000 வோல்ட் ரகமான 1என்4007 ஒன்றே போதும் என்று சிலர் போட்டுவிடுவார்கள். மின்னல் அடிக்கிற ஊரில் அந்த இடைவெளி எனக்குப் போதாது. கிட்டில் கைக்கு இரண்டு டயோடு வரிசையாக வருகிறது. யாரோ அனுபவப்பட்டவர் செய்த வேலை.

நிறுத்திய பிறகு கண்டென்சரில் தேங்கியதை வடிக்கும் வடிகால் ரெசிஸ்டர்களும் அப்படித்தான். கண்டென்சருக்கு ஒன்றாக 100 கிலோஓம், 3 வாட். நிறுத்திய பிறகு ஒன்றரை நிமிடத்தில் இரண்டும் 10 வோல்ட்டுக்குக் கீழே வந்துவிடுகின்றன, கடிகாரம் வைத்துப் பார்த்தேன். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் மீட்டர் வைத்துப் பார்க்காமல் உள்ளே விரல் போவதில்லை. ரெசிஸ்டர் ஒன்று அறுந்திருந்தால் ஒன்றரை நிமிடம் ஒன்றரை நாளாகிவிடும். 800 வோல்ட் ஷாக் எல்லாம் கதை சொல்ல மிச்சம் வைக்காது. "வலது கை வேலை பாக்கட்டும், இடது கை இடுப்புல கெடக்கட்டும்" என்பது அப்பா கடையின் சட்டம்.

எனக்கு மிகப் பிடித்தது ரிலே. எச்பி-23இன் பழைய அமைப்பில் 120 வோல்ட் மெயின்ஸ், கேபிள் வழியாக ரேடியோவுக்குள் போய், அங்கிருக்கும் சுவிட்சைத் தொட்டுவிட்டுத் திரும்பி வரும். அந்தச் சுவிட்ச் போய்விட்டால் மாற்று கிடைப்பது பெரும் பாடு. பெரிய கண்டென்சர் வைத்தால் முதல் நொடியில் இழுக்கும் கரண்ட்டும் பெரிது, அந்த அடி முழுக்க இந்தப் பாவப்பட்ட சுவிட்சின் மேல்தான். வெறும் கண்டென்சரை மட்டும் மாற்றிவிட்டு "ரிப்பேர் முடிந்தது" என்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். கிட்டில் ஒரு குட்டி 12 வோல்ட் மாட்யூல் எப்போதும் விழித்திருக்கிறது. ரேடியோ சுவிட்சுக்குப் போவது அந்த 12 வோல்ட் மட்டும்தான், மெயின்ஸைச் சேர்க்கும் வேலை பெட்டிக்குள் இருக்கும் ரிலேயுடையது. கூடவே ஒரு தெர்மிஸ்டர். குளிர்ந்திருக்கையில் 47 ஓம், சூடானதும் ஒன்றுமில்லாமல் வழி விடுகிறது. இப்போது சுவிட்சைத் திருப்பினால் விளக்கு மங்குவதில்லை, ட்ரான்ஸ்ஃபார்மர் 'தொம்' என்று கத்துவதும் இல்லை. 85 டாலரில் 50 இதற்கே தரலாம்.

இனி புகார். குறைந்த வோல்ட்டேஜ் வரியை ஆடாமல் பிடித்து வைக்க மாஸ்ஃபெட் என்ற டிரான்சிஸ்டர் வகையால் ஒரு ரெகுலேட்டர் கொடுத்திருக்கிறார்கள். நவீனம் என்று விளம்பரத்தில் முன்னால் நிறுத்தியிருப்பதும் இதைத்தான். மாஸ்ஃபெட்டின் உலோக முதுகில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். அதைச் சாசி என்ற உலோகச் சட்டத்தில் முடுக்கும்போது நடுவே காப்புத் தகடு வேண்டும், ஸ்க்ரூவுக்குத் தோள்பட்டை வைத்த பிளாஸ்டிக் வாஷரும் வேண்டும். என் பொட்டலத்தில் தகடு இருந்தது, வாஷர் இல்லை. குறிப்பிலும் வாஷர் என்ற பேச்சே இல்லை. தகடு இருக்கிறதே என்ற தைரியத்தில் முடுக்கிவிட்டேன். ஓம்மீட்டர் வைத்துப் பார்த்திருக்க வேண்டும். ராத்திரி பத்தரை மணி, தூக்கக் கலக்கம், பார்க்கவில்லை. முதல் சோதனைக்குப் பாதுகாப்பாக மெயின்ஸ் வரிசையில் போட்டிருந்த 60 வாட் குண்டு பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்து என்னைக் காப்பாற்றியது. பல்பு இல்லாமல் நேராகச் சொருகியிருந்தால் ஃப்யூஸும் மாஸ்ஃபெட்டும் சேர்ந்தே போயிருக்கும். என் டிக்கையும் பென்சிலில் போட்டது நல்லதாயிற்று.

மறுநாள் என் டப்பாவில் இருந்த வாஷர் ஒன்றைப் போட்டுச் சரிசெய்தேன். வேலை செய்தது. 275 வோல்ட், அசையாமல். ஆனால் எதற்கு? அலைவரிசை நகராமல் இருக்கும் என்பதுதான் அவர்கள் சொல்லும் லாபம். எச்டபிள்யூ-101க்குள் ஏற்கெனவே 0ஏ2 என்ற வாயு வால்வு உட்கார்ந்து 150 வோல்ட்டைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. வீட்டுக்குள் காவல்காரன் இருக்கும்போது தெருமுனையில் இன்னொருவனை நிறுத்துவது போலத்தான். ரெகுலேட்டரோடு ஒரு மாலை, அதைத் தாண்டிக் கம்பி போட்டு ஒரு மாலை, பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை அலைவரிசையை நோட்டில் குறித்தேன். இரண்டு கோடுகளையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்தால் எது எது என்று எனக்கே தெரியவில்லை. இந்த ரேடியோ நகர்வது சூட்டால், வோல்ட்டேஜால் அல்ல. அதற்கு இந்தச் சர்க்யூட் செய்யும் உதவி, மூடிய பெட்டிக்குள் இன்னும் 4 வாட் சூடு. கழற்றிவிட்டேன். அந்த மூலை இப்போது காலி.

கிட்டில் இல்லாத, ஆனால் இருந்திருக்க வேண்டிய ஒன்று உண்டு. இந்தப் பெட்டிகள் பிறந்த காலத்தில் சுவரில் 117 வோல்ட் வரும் என்று எண்ணி வேலை செய்தார்கள். என் வீட்டில் 123. புதுக் கண்டென்சர்களோடு சும்மா நிற்கையில் 842 வோல்ட், ஃபிலமென்ட் 13.1. வால்வுகளை மெல்ல வறுக்கும் வேலை இது. 6.3 வோல்ட், 4 ஆம்பியர் ட்ரான்ஸ்ஃபார்மர் ஒன்றை, அதன் 6 வோல்ட் சுவர் வோல்ட்டேஜிலிருந்து கழியும்படி எதிர் முகமாக மெயின்ஸ் வரிசையில் போட்டேன். அதன் செகண்டரி வழியாக மொத்தக் கரண்ட்டும் போவதால் ஆம்பியரில் கஞ்சத்தனம் கூடாது. இரண்டு கம்பி மாறிப்போனால் 117க்குப் பதில் 129 வந்து நிற்கும், ரேடியோவை மாட்டும் முன் அளந்துவிட வேண்டும். இப்போது சும்மா நிற்கையில் 799, கீ அழுத்தினால் 700க்கு ஒட்டி, ஃபிலமென்ட் 12.4. கையேட்டில் அச்சாகியிருக்கும் எண்களுக்குப் பக்கத்தில் என் எண்களையும் பென்சிலில் எழுதினேன், முதல் ஆள் பக்கத்திலேயே.

பலகையின் ஒரு துளை சாசித் துளையோடு சேரவில்லை, அரத்தால் இழுத்துச் சரிசெய்தேன். தெர்மிஸ்டரை ஒரு கண்டென்சரை உரசும்படி வைத்திருக்கிறார்கள். வேலை செய்யும்போது அது தொட முடியாத சூட்டில் இருக்கும், அதனால் கால்களை நீளமாக விட்டு வெளியே வளைத்துவிட்டேன். இவை சின்ன விஷயங்கள். ஆறு பக்கக் குறிப்பு மட்டும் மனசுக்கு ஒப்பவில்லை. ஹீத்கிட் கையேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தால் கோபம்தான் வருகிறது. "பாகங்களைப் பொருத்தவும்" என்று ஒரே வரி. எத்தனை பாகம், எந்த வரிசையில், எது கொல்லும், எது கொல்லாது?

40 மீட்டர் அலைவரிசையில் ஒரு சாயங்காலம் கென்டக்கிக்காரர் ஒருவரோடு பேசினேன். பழைய கண்டென்சர் நாட்களிலும் என்னைக் கேட்டவர். "உன் பின்னாடி ஓடிக்கிட்டிருந்த ஃப்ரிட்ஜை வித்துட்டியா?" என்ற அர்த்தத்தில் கேட்டார். அதைவிட நல்ல மதிப்பெண் எனக்கு வேண்டாம்.

வாங்கலாமா? சால்டர் பிடிக்கத் தெரிந்து, உயர் வோல்ட்டேஜைப் பார்த்துப் பயமும் இருப்பவர்கள் வாங்கலாம். முதல் வேலையாக இதை எடுக்க நினைப்பவர்களுக்கு வேண்டாம், அந்தக் குறிப்புகளை நம்பி நிச்சயம் வேண்டாம். டயோடு, கண்டென்சர், வடிகால், ரிலே வரைக்கும் ஏற்றிவிட்டு, மாஸ்ஃபெட் இருக்கும் மூலையில் ஒரு கம்பியைக் குறுக்கே போட்டுவிடுங்கள். கூடவே 6.3 வோல்ட் ட்ரான்ஸ்ஃபார்மர் ஒன்றையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

வாஷர் இல்லாததைப் பற்றி அவர்களுக்கு ஒரு மெயில் போட்டிருந்தேன். மூன்றாம் நாளே வருத்தம் தெரிவித்துப் பதில் வந்தது, அடுத்த வாரம் ஓர் உறையில் இரண்டு வாஷர்கள். அதற்குள் மாஸ்ஃபெட்டைக் கழற்றிவிட்டேன். இரண்டும் மேஜை டிராயரில் கிடக்கின்றன, உறையோடு.