வழுக்காத டைல்ஸ் என்று காட்டியது ஒன்று, வீட்டுக்கு வந்தது வேறொன்று

இராமநாதபுரம், மண்டபம் பக்கம் வீடு கட்டுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு டைல்ஸ் கடைக்குப் போங்கள்.

உச்சிப்புளி அருகே எங்கள் வீட்டுக் குளியலறைத் தரைக்கு வழுக்காத ரகம்தான் வேண்டும், வயதான அம்மா புழங்குகிற இடம் என்று முதலிலேயே சொன்னோம். உப்புத்தாள் போலச் சொரசொரவென்றிருந்த சாம்பல் நிற மாதிரியைக் காட்டி முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டார் கடைக்காரர். வந்து இறங்கிய பெட்டிகளில் அதே நிறம், அதே அளவு. தடவினால் மட்டும் விரல் சறுக்கிக்கொண்டு போனது. உடனே போன் செய்தேன்.

“மேலே கம்பெனி மெழுகு இருக்கிறது அண்ணே. பதித்த பிறகு இரண்டு தடவை ஆசிட் விட்டுக் கழுவுங்கள், சொரசொரப்பு தானாக வெளியே வந்துவிடும்.”

கொத்தனாரும் ஆமாம் போட்டார். அவருக்கு அந்தக் கடையில் கமிஷன் உண்டு என்பது பிறகு தெரிந்தது.

இது முழுப் பொய். சொரசொரப்பு தொழிற்சாலையிலேயே மேற்பரப்பில் உருவாக்கப்படுவது; மெழுகுக்கு அடியில் ஒளிந்திருப்பதில்லை. கீறல் விழாமலிருக்க மெழுகு பூசி வருவதே பெரும்பாலும் பளபளப்பான பாலிஷ் ரகம்தான்! ஆசிட் எங்கள் தரையில் செய்த ஒரே வேலை, டைல்ஸ் இடுக்கிலிருந்த சிமெண்டை அரித்துத் தின்றது.

நம் பக்கத்துத் தண்ணீரையும் சேர்த்துப் பாருங்கள். காவிரிக் குடிநீரைக் குடத்தில் பிடித்துக் குடிக்க வைத்துக்கொள்கிறோம், குளிப்பது போர் தண்ணீரில். அந்த உப்பிலும் கடினத்தன்மையிலும் சோப்பு நுரைக்காது. திரிந்து, வெள்ளைப் பிசுக்காகத் தரையில் படியும். வழவழப்பான டைல்ஸில் அந்தப் பிசுக்கின் மேல் ஈரக்கால் பட்டால் நிற்காது. அம்மா விழுந்தார். மணிக்கட்டில் மாவுக்கட்டு.

மாதிரியைத் தரையில் வைக்கச் சொல்லி, சோப்புத் தண்ணீர் ஊற்றி, வெறுங்காலால் மிதித்துப் பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். ‘மேட்’ என்று சொல்வதெல்லாம் வழுக்காத ரகம் ஆகிவிடாது. பளபளப்பு இல்லை என்பது மட்டுமே அதன் பொருள். பெட்டியிலோ கம்பெனி அட்டவணையிலோ வழுக்காத தன்மையைக் காட்டும் ஆர் 9 முதல் ஆர் 13 வரை ஓர் எண் இருந்தால், ஆர் 9 தான் பிடிப்பு மிகக் குறைந்த படி. ஈரத்துக்கு ஆர் 10, ஆர் 11 கேளுங்கள். அதற்கும் மேல் போனால் சொரசொரப்பில் அழுக்கும் உப்பும் ஏறிக்கொண்டு தேய்த்துத் தேய்த்துக் கை ஓயும். இரண்டடி டைல்ஸைவிட ஓரடி நல்லது. வாட்டம் கொடுக்க எளிது, இடுக்குகள் அதிகமிருப்பதால் காலுக்குப் பிடிப்பும் கிடைக்கும். இடுக்கை நிரப்ப சிமெண்டுக்குப் பதில் எப்பாக்ஸி என்ற பிசின் கலவை போட்டால் செலவு கூடுதல்தான், ஆனால் உப்புக்கு அசையாது.

எல்லாவற்றையும்விட முக்கியம் பில். எங்கள் பில்லில் ‘டைல்ஸ்’ என்பதைத் தவிர ஒரு சொல் இல்லை. கம்பெனி, ரகம், ‘வழுக்காதது’ என்ற சொல், மூன்றையும் எழுதி வாங்குங்கள். மாதிரியைப் பெட்டியோடு சேர்த்துப் படம் எடுங்கள். ஒத்துப்போகாத பெட்டியைக் கொத்தனார் தொடவே கூடாது. பதித்த சரக்கைத் திரும்ப எடுக்க முடியாது என்றுதான் எங்களிடம் கைவிரித்தார்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இல் புகார் செய்திருக்கிறோம். அங்கே முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு ஆண்டுக்குள் போகலாம், பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. டைல்ஸ் விலையோடு உடைத்துப் பதிக்கும் கூலியையும் கேட்கப்போகிறோம். ரப்பர் விரிப்பு ஒன்று இலவசமாகத் தருகிறேன் என்கிறார் கடைக்காரர்.