இரட்டைச் சுவரின் காற்றுத் துளைகளில் ஓதம்: ஆறு மழைக்காலம் கடந்த அனுபவம்

திருத்துறைப்பூண்டிப் பக்கம் எங்கள் ஊர். 2017-ல் வடக்கு அறையை இடித்துக் கட்டியபோது, தாத்தா காலத்துத் தேக்குப் பலகைகளைக் கழித்துப்போட மனம் வரவில்லை. விதைநெல்லும் உளுந்தும் வைக்கும் அறை. அதனால் மண்ணிலிருந்து இரண்டடி உயர்த்திப் பலகைத் தளம் போட்டு, நடுவே இரண்டங்குலம் இடைவெளி விட்டு இரட்டைச் சுவர் எழுப்பினோம். பலகைக்கு அடியில் காற்றோட வடக்கே மூன்று, தெற்கே மூன்று துளைகள், ஒவ்வொன்றிலும் குழாய் பதித்து.

முதல் மழையிலேயே வடக்குத் துளைகளுக்கு மேலே, உட்சுவரில் பிறை வடிவில் ஈரம் தெரிந்தது. மறு வருஷம் நவம்பர் 16 விடியற்காலை கஜா கரையைக் கடந்தது. அந்தச் சாரலுக்குப் பிறகு பிறை ஒரு சாண் அகலமானது. பூச்சு உப்பி, விரல் பட்டாலே வெள்ளை உப்பாக உதிர்ந்தது.

அம்மா துளைகளில் சாக்கை அடைத்துவிட்டார். பத்தே நாளில் பலகையின் அடிப்பக்கம் முழுக்கப் பூசணம். நம் களிமண் மழைக்காலத்தில் ஈரத்தை விட்டுக்கொண்டே இருக்கும். அது வெளியேற இருந்த ஒரே வழி அந்தத் துளைகள்தான். தயவுசெய்து யாரும் அடைக்காதீர்கள்.

2019 மாசியில் கொத்தனார் வெளிச்சுவரில் இரண்டு செங்கலைப் பெயர்த்துக் கையை விட்டார். முட்டி முட்டியாகக் கலவைக் கட்டி வந்தது. "தண்ணி ஓட்டை வழியா வரலை தம்பி. கட்டுறப்போ விழுந்த கலவை குழாய் மேல குந்தியிருக்கு. வெளிச்சுவர்ல இறங்குற தண்ணி அதுல ஏறி உள்ளே போவுது" என்றார். போதாக்குறைக்குக் குழாயும் உட்பக்கம் சரிந்திருந்தது.

கட்டிகளை அள்ளிவிட்டு, நாலங்குல பிவிசி குழாயை இரண்டு சுவரையும் கடந்து நிற்கும்படி, வெளியே அரையங்குலம் சரிவாக வைத்தார். அதற்கு மேலே தடித்த தார் ஷீட்: உள்முனை உட்சுவரில் ஒரு செங்கல் வரி உயரத்தில் செருகியது, வெளிமுனை தாழ்ந்து வெளிச்சுவரில் முடிவது. அந்த ஷீட்டின் மேல் வரியில் இரண்டு செங்குத்து இணைப்புகளில் கலவை வைக்காமல் விட்டார். இடைவெளியில் இறங்கும் தண்ணீர் அதன் வழியே வெளியே கசிந்துவிடும். குழாய் வாயில் துருப்பிடிக்காத கம்பி வலை. நைலான் வலையை எலி கடித்துவிடும்.

அப்புறம் வடக்குச் சுவரில் பிறை வரவில்லை, 2021 நவம்பர் தவிர. தெருவை உயர்த்தியதால் நாங்களும் வாசலில் மண் கொட்டியிருந்தோம். தண்ணீர் ஒரு துளைக்குள்ளேயே தெறித்தது. துளைக்குக் கீழே அரையடி இருக்கும்படி மண்ணை வெட்டியதும் நின்றது. வலையில் ஒட்டடை சேரும், ஐப்பசிக்கு முன் ஒரு முறை பிரஷ் போட்டால் போதும்.

தெற்கே சாரல் குறைவு என்று அப்போது தொடாமல் விட்டோம். இப்போது அங்கே நடுத் துளைக்கு மேல் அதே பிறை தெரிகிறது. சம்பா அறுவடை முடிந்ததும் அதையும் பெயர்க்கப் போகிறோம்.